பத்தமடைப் பாயில் ஒரு பிரசவ வார்டு

முதல் நாள் - பாளையங்கோட்டை

மதுரையிலிருந்து வந்து வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது காலை பத்து மணி. மேற்கே மலை முழுக்க மேகம். ஊருக்குள் மழை இல்லை, ஆனிக் காற்று மட்டும் மண்ணை வாரி அடித்தது. என்னிடம் இரண்டு சாக்கு மூட்டைகள். ஸ்பாஞ்சில் தைத்த கர்ப்பப்பை மூன்று, துணிக் குழந்தை இரண்டு, சிவப்பு வெல்வெட்டில் செய்த நஞ்சுக்கொடி, காலி சலைன் பாட்டில்கள், சாயப்பொடி. ஏற்றும்போது "உள்ள என்னம்மா இருக்கு?" என்று கேட்ட கண்டக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் மூட்டையைக் கீழே வைக்காமல் சீட்டுக்கு மேலே பத்திரமாக வைத்தார்.

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டர். மகப்பேறு மருத்துவர் இல்லை. இந்த ஐந்து நாளில் திருநெல்வேலிச் சீமையில் 108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள், கேஷுவால்டி டாக்டர்கள், ஸ்டாஃப் நர்ஸ்கள் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பிரசவ ஆபத்துகளுக்குக் கைப்பழக்கம் கொடுக்க வந்திருக்கிறேன். கூட வருபவர் முப்பது வருடம் லேபர் வார்டில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் அக்கா. சேரன்மகாதேவிக்காரர். பஸ் ஸ்டாண்டுக்கே வந்து காத்திருந்தார், தோளில் ஒரு சுருட்டிய பத்தமடைக் கோரைப்பாய்.

"பாய் எதுக்குக்கா?"

"மேசையில வச்சுப் பழகுனா மேசையிலதான் வரும் டாக்டரம்மா. ரோட்டுல, ஆட்டோல, தரையிலல்லா பிரசவம் ஆகுது. தரையில பழகட்டும்."

சரி என்று அந்தப் பாயையே எங்கள் பிரசவ வார்டாக வைத்துக்கொண்டோம்.

மாலை ஹைகிரவுண்ட் பக்கம் நடந்துவிட்டு வந்தேன். 1965-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. மேற்கே மலையடிவாரத்திலிருந்தும் தெற்கே கடற்கரையிலிருந்தும் 'ரெஃபர்' என்று எழுதப்படும் தாய்மார் வந்து சேரும் இடம். ஆம்புலன்ஸ்கள் வருவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பைலட் என்று சொல்லும் டிரைவர் ஒருவர், முதலுதவி பார்க்கும் டெக்னீஷியன் ஒருவர். வழி முழுக்க ஒரு தாயின் உயிருக்கு அவர்கள் இரண்டு பேர்தான் பொறுப்பு.

தமிழ்நாட்டில் 108 வந்தது 2008-இல். இன்றைக்கு இங்கே வீட்டில் பிரசவம் என்பதே அபூர்வம். 2004-06 கணக்கில் ஒரு லட்சம் பிறப்புக்கு 111 தாய்மார் இறந்தார்கள். 2018-20 கணக்கில் அது 54. கிராம சுகாதார நர்ஸ்களும் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களும் பாடுபட்டுக் கொண்டுவந்த மாற்றம் இது. ஆனால் இதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. பிரசவம் எல்லாம் ஆஸ்பத்திரியில் நடப்பதால், ஒரு ஆம்புலன்ஸ் டெக்னீஷியனோ கேஷுவால்டி டாக்டரோ பிரசவ ஆபத்தைக் கண்ணால் பார்ப்பது வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான். அந்த ஒரு தடவைக்குக் கை தயாராக இருப்பதில்லை.

எனக்கும் இருந்ததில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன், வேறொரு மாவட்டத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி. ஆட்டோவிலேயே பிரசவமான ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பேசிக்கொண்டே வந்தாள். குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்டாள். பி.பி. 106, நாடி 124. பி.பி. பரவாயில்லை என்று நினைத்தேன். நாடி எண் பி.பி.யின் மேல் எண்ணைத் தாண்டி நின்றால் ரத்தம் நிறையப் போயிருக்கிறது என்று பொருள், அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. இளம் வயதுத் தாயின் உடம்பு ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கும், பி.பி. கடைசியில்தான் விழும். விழுந்தபோது என்னென்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் தலைக்குள் வரிசையாக இருந்தது, கைக்கு ஒன்றும் வரவில்லை. விடிவதற்குள் அவள் போய்விட்டாள். அந்தக் குழந்தைக்கு இப்போது பன்னிரண்டு வயது.

அதற்காகத்தான் இந்த மூட்டைகளைச் சுமக்கிறேன்.

இரண்டாம் நாள் - அம்பாசமுத்திரம்

பத்தமடை, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி வழியாகப் போனோம். வழியெல்லாம் வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடியது. பத்தமடை வந்ததும் அக்கா ஜன்னலைக் காட்டி, "நம்ம லேபர் வார்டு பிறந்த ஊரு" என்றார்.

ஹாலில் இருபத்திரண்டு பேர். முதல் மணி நேரம் நான் எதுவும் பேசவில்லை. அக்கா ஒரு பழைய நூல் சேலையை மூன்றாக மடித்துப் பாயில் போட்டு, அதில் சாயத் தண்ணீரை முன்கூட்டியே ஊற்றி வைத்திருந்தார். "பிரசவமாகி அரைமணி நேரம் ஆச்சு. எவ்வளவு ரத்தம் போயிருக்குன்னு சீட்டுல எழுதுங்க. பக்கத்துல கேக்கப்பிடாது."

சீட்டுகளைப் பிரித்தோம். 200, 300, 250, 400. ஒரே ஒரு பைலட் மட்டும் 700 என்று எழுதியிருந்தார். ஊற்றியது 1 லிட்டர்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு நைட் டியூட்டி நர்ஸ் எழுந்து வந்து சேலையைக் கையில் தூக்கிப் பார்த்தார். பாரத்தில் அவர் கை தாழ்ந்தது. "நான் 300 எழுதுனேன் மேடம். இந்தக் கனம் கனக்கே" என்றார்.

500 மில்லியைத் தாண்டினாலே உதிரப்போக்கு என்பதுதான் நாங்கள் படித்த கணக்கு. கண் எப்போதும் குறைத்தே சொல்லும், சேலையும் மெத்தையும் ரத்தத்தை உறிஞ்சி மறைத்துவிடும். 2023-இல் ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில், தாயின் இடுப்புக்குக் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பை விரித்து, ரத்தத்தை அளந்து, அளவு தாண்டியவுடன் எல்லா சிகிச்சையையும் ஒரே மூச்சில் தொடங்கினார்கள். கடுமையான உதிரப்போக்கும் அதன் விளைவுகளும் சேர்த்து 60 சதவீதம் குறைந்தது. புது மருந்து எதுவும் இல்லை. அளந்தார்கள், ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பை கையில் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று அதே நர்ஸ் கேட்டார். எடை போடுங்கள் என்றேன். ரத்தத்தில் 1 கிராம் என்றால் ஏறக்குறைய 1 மில்லி. நனைந்த துணியின் எடையில் காய்ந்த துணியின் எடையைக் கழித்தால் கணக்கு வந்துவிடும்.

அப்புறம் கைவேலை. வயிற்றின் மேலிருந்து கர்ப்பப்பையைப் பிசைந்து கெட்டியாக்குவது. கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தொடையில். மூத்திரப் பையைக் காலி செய்வது, நிறைந்த பை கர்ப்பப்பையைச் சுருங்கவிடாது. உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், பத்து நிமிடத்தில் மெதுவாக நரம்பில். இந்த மருந்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசினேன். 20,000-க்கும் மேற்பட்ட தாய்மாரை வைத்து 21 நாடுகளில் நடந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தம் போய் இறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. தாமதமாகும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் பலன் சுமார் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகிறது. மலையடிவாரத்திலிருந்து பாளையங்கோட்டை வரை ஓடும் வண்டியில் அந்தப் பதினைந்து நிமிடங்கள் எத்தனை போகும் என்று அவர்களே எண்ணிப் பார்த்தார்கள்.

அதற்கும் நிற்காவிட்டால் கை முஷ்டியால் கர்ப்பப்பையை உள்ளேயும் வெளியேயும் சேர்த்து நெருக்கிப் பிடிப்பது. ஸ்பாஞ்ச் பொம்மையில் ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் பிடிக்கவைத்தேன். மூன்றாவது நிமிடத்திலேயே கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஓடும் வண்டியில் இதைத் தனியாகச் செய்ய முடியாது என்று ஒரு டெக்னீஷியன் சொன்னார், உண்மைதான். அதனால் இன்னொன்றையும் காட்டினேன். தொப்புளுக்குச் சற்று மேலே, கொஞ்சம் இடப்புறமாக முஷ்டியை வைத்து முதுகெலும்போடு சேர்த்து அழுத்தினால் பெருந்தமனி அடைபடும். தொடை இடுக்கில் நாடி நின்றால் அழுத்தம் சரி.

கடைசியாக நீல நிற அழுத்த உடை. கணுக்காலிலிருந்து வயிறு வரை வெல்க்ரோ போட்டு இறுக்கிக் கட்டுவது, கீழே தேங்கிய ரத்தத்தை இதயத்துக்கும் மூளைக்கும் திருப்பும். ஆம்புலன்ஸ்காரர்கள் அழகாகக் கட்டினார்கள். தவறு நடப்பது கேஷுவால்டியில். டாக்டர் வந்ததும் எங்கே ரத்தம் வருகிறது என்று பார்க்க மொத்தத்தையும் அவிழ்க்கிறார், தாய் அந்த நிமிடமே சரிகிறாள். அவிழ்க்கத் தேவையே இல்லை, அதைக் கட்டியபடியே பரிசோதிக்கலாம், தையல் போடலாம். ரத்தம் நின்று, பி.பி.யும் நாடியும் நிலைத்த பிறகுதான் கழற்ற வேண்டும். அதுவும் கணுக்காலில் தொடங்கி, ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் 15 நிமிடம் விட்டு. பி.பி. 20 இறங்கினாலோ நாடி 20 ஏறினாலோ மறுபடி கட்டிவிட வேண்டும். ஒரு இளம் டாக்டர் என்னிடம் தனியாக வந்து, "மேடம், போன வருஷம் நான் அவிழ்த்திருக்கேன்" என்றார். மேலே ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் டீ குடித்தோம்.

இதனால்தான் ஆம்புலன்ஸையும் கேஷுவால்டியையும் லேபர் வார்டையும் தனித்தனியாகக் கூப்பிட்டு வகுப்பு எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருவர் கட்டியதை இன்னொருவர் அவிழ்க்கும் அந்த இடத்தில்தான் உயிர் போகிறது. இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து பழக வேண்டும்.

மூன்றாம் நாள் - நாங்குநேரி, களக்காடு

நாங்குநேரியிலிருந்து களக்காட்டுக்குத் திரும்பும் வழியில் ரோட்டோரம் ஒரு சுமைதாங்கிக் கல். இரண்டு கல்தூண், மேலே ஒரு பலகைக்கல், தலைச்சுமையை அப்படியே சாய்த்து இறக்கிவைக்கும் உயரம். அக்கா ஜீப்பை நிறுத்தச் சொன்னார்.

வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக வீட்டார் நட்டுவைப்பது இந்தக் கல். இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவள், வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை இங்கே இறக்கிவைக்கும்போது அவளுக்கும் பாரம் குறையும் என்பது நம்பிக்கை. எழுத்து எதுவும் இல்லை, பெயர் தெரியவில்லை. கல்லின் மேல் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. எத்தனை நெல்லுமூட்டை, எத்தனை வாழைத்தார் இறங்கியிருக்குமோ. "இந்தப் பக்கம் ரோட்டுக்கு ரோடு இருந்துது டாக்டரம்மா. ரோட்டை அகலப்படுத்துறப்ப நிறையப் போயிட்டு" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் அதில் கைவைத்து நின்றுவிட்டு வண்டியில் ஏறினார்.

இந்தச் சீமையில் கர்ப்பத்தில் இறந்த பெண்கள் கல்லாகவும் நிற்கிறார்கள், கையில் பிள்ளையோடு இசக்கியாகவும் நிற்கிறார்கள். பிரசவத்தில் போகும் உயிரை இந்த மண் என்றைக்கும் சாதாரணமாக எடுத்துக்கொண்டதில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

களக்காட்டில் இன்றைய பாடம் ஜன்னி, கர்ப்பத்தில் பி.பி. ஏறி வரும் வலிப்பு. பாயில் ஒரு நர்ஸ் படுத்துக் கை காலை வெட்டி இழுத்து நடித்தார். கேஷுவால்டி டாக்டரின் கை எதற்குப் போகிறது என்று பார்த்தேன். எதிர்பார்த்தபடியே வலிப்பு நோய்க்குப் போடும் ஊசிகளுக்குப் போனது. கர்ப்பிணியாக இருந்தாலும் சரி, பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் இருந்தாலும் சரி, வலிப்பு என்று வந்தால் வேறு காரணம் தெரியும்வரை அது பிரசவ ஜன்னிதான். மருந்து மெக்னீசியம் சல்பேட். பிள்ளை பெற்று பத்து நாளானவள் வலிப்போடு வரும்போது அவள் பிள்ளை பெற்றவள் என்பதையே கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். குழந்தை பாட்டியிடம் வீட்டில் இருக்கும், கூட வந்தவர் பதற்றத்தில் சொல்லமாட்டார். "பிள்ளை பெத்து எத்தனை நாளாச்சு?" என்று நாமாகக் கேட்க வேண்டும்.

கூட வந்த கிராம சுகாதார நர்ஸ் ஒருவர் சொன்னார்: "காத்துக் கருப்பு பட்டுட்டுன்னு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருவாவ மேடம். நான் சண்டை போட மாட்டேன். திருநீறு பூசிக்கிடுங்க, பூசிக்கிட்டே வண்டியில ஏத்துங்கன்னு சொல்லுவேன். ஏத்திருவாவ." இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மெக்னீசியத்தில் பயமே கலக்கும் கணக்குதான். இங்கே கிடைக்கும் ஆம்பூல் 50 சதவீதம், 2 மில்லியில் 1 கிராம். நான்கு ஆம்பூல் என்றால் 8 மில்லி. அதோடு 12 மில்லி சலைன் சேர்த்து 20 மில்லி ஆக்கி, நரம்பில் மெதுவாக, ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல். பிறகு ஒவ்வொரு பிட்டத்திலும் ஐந்து ஆம்பூல், ஆழமாக. மொத்தம் 14. எல்லோரும் தண்ணீரை வைத்து மூன்று மூன்று தடவை கலந்தார்கள். நான் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றேன். முதல் தடவை ஒருவருக்கு ஏழு நிமிடம் ஆனது, மூன்றாவது தடவை மூன்று நிமிடத்துக்குள் முடித்தார். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைப்பது, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது, பி.பி. 160/110-ஐத் தாண்டினால் அதைத் தனியாக இறக்குவது, அடுத்த டோஸுக்கு முன் முழங்கால் தட்டிப் பார்ப்பது, மூச்சை எண்ணுவது, மூத்திர அளவைப் பார்ப்பது. முழங்கால் துள்ளவில்லை என்றால் மெக்னீசியம் அதிகமாகிவிட்டது, அடுத்த டோஸ் கிடையாது. மூச்சு தளர்ந்தால் கொடுக்கும் மாற்றுமருந்தான கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதைத் தனி டிரேயில் எடுத்துவைத்துக் காட்டினேன்.

நான்காம் நாள் - உவரிப் பக்கம்

வள்ளியூரைத் தாண்டியதும் காற்று வேறு. காற்றாலைகள், பனை, திசையன்விளைப் பக்கம் சிவந்த தேரி மண். உவரியில் கடல் சீறிக்கொண்டிருந்தது, படகெல்லாம் கரையில்.

இன்று ஆம்புலன்ஸுக்குள்ளேயே வகுப்பு. பாயைச் சுருட்டி ஸ்ட்ரெச்சரில் விரித்தோம். பாடம், தலை வெளியே வந்தபின் தோள் மாட்டிக்கொள்வது. தலை வெளியே வந்து மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆமைக் கழுத்து மாதிரி என்று சொன்னதும் இந்த ஊர்க்காரரான பைலட், "வலையில மாட்டுன ஆமையில எத்தனை பாத்திருக்கோம்" என்றார். அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

யாரும் வயிற்றின் மேலே அமுக்கக் கூடாது, தோள் இன்னும் இறுகும். தலையைப் பிடித்து இழுக்கக் கூடாது, கைக்குப் போகும் நரம்பு போய்விடும். தாயின் இரண்டு தொடையையும் வயிற்றோடு சேர மடக்க வேண்டும், ஒருவர் அடிவயிற்றில் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே கையால் அழுத்த வேண்டும். பெரும்பாலும் இதிலேயே வந்துவிடும். வராவிட்டால் தாயை மண்டிபோட்டுக் கையூன்றவைப்பது. இதற்கெல்லாம் குறைந்தது மூன்று பேர் வேண்டும். வண்டியில் டெக்னீஷியன் ஒருவர்தான். ஆகவே பைலட் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பின்னால் வர வேண்டும், கூட வந்த அம்மாவோ மாமியாரோ இன்னொரு காலைப் பிடிக்க வேண்டும். பைலட்டுகளையும் பயிற்சிக்குக் கூப்பிட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். அக்கா மாமியாராக நடித்தார். அழுது புலம்பி, பைலட் தோளைப் பிடித்து உலுக்கி, வேண்டுமென்றே வயிற்றை அமுக்கப் போனார். "அத்தை, நீங்க இந்தக் காலைப் பிடிங்க. இதைத்தான் பிடிக்கணும், வேற எதையும் தொடாதீய" என்று அந்தப் பைலட் நிதானமாகச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது.

தொப்புள்கொடி முதலில் நழுவி வருவதையும் மதியத்துக்குள் பார்த்தோம். கையால் குழந்தையின் தலையை மேலே தள்ளிப் பிடித்தபடியே ஆஸ்பத்திரி வரை வர வேண்டும், நடுவில் கையை எடுக்கக் கூடாது. குழந்தையின் மூச்சுக்கு முதல் ஒரு நிமிடம்தான் பொழுது: துடை, சூடாக வை, அழவில்லை என்றால் பலூன் பையால் காற்று கொடு.

ஐந்தாம் நாள் - பாளையங்கோட்டை

இன்று மட்டும் கேஷுவால்டி டாக்டர்களுக்குத் தனியாக, மதியத்துப் பாடத்தில் கத்தி பிடிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். காலையில் ஒரு சின்ன விஷயம், ஆனால் பெரிது: பிள்ளை பெறும் வயதுப் பெண் யார் வயிற்றுவலியோடும் மயக்கத்தோடும் வந்தாலும் மூத்திரத்தில் கர்ப்பப் பரிசோதனை செய்யாமல் விடக் கூடாது. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து வருபவள் வாயுத்தொல்லை என்று ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. "கல்யாணம் ஆகலையே" என்பது பரிசோதனையைத் தவிர்க்கக் காரணம் ஆகாது.

மதியம், நான் ஐந்து நாளாகத் தள்ளிப்போட்ட பாடம். கர்ப்பிணியின் இதயம் நின்றுவிட்டால்.

மார்பை அழுத்துவது எல்லோருக்கும் போல்தான். கூடவே ஒருவர் கர்ப்பப்பையை இரண்டு கையாலும் இடது பக்கம் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாரம் கீழிருந்து வரும் ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கும். வயிறு தொப்புள் வரையோ அதற்கு மேலேயோ இருந்து, நான்கு நிமிடத்தில் இதயம் திரும்பவில்லை என்றால், அதே கட்டிலில் வயிற்றைத் திறந்து ஐந்தாவது நிமிடத்துக்குள் குழந்தையை எடுக்க வேண்டும். முதன்மையாகத் தாயைக் காப்பாற்றத்தான் இது. ஆபரேஷன் தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓட நேரமில்லை.

"மேடம், நான் சர்ஜன் இல்லையே" என்றார் ஒருவர்.

"அந்த நாலு நிமிஷத்துல உங்களைத் தவிர அங்க யாரும் இல்லையே தம்பி" என்று அக்கா பதில் சொன்னார்.

ரப்பர் பந்தின் மேல் ஸ்பாஞ்சும் துணியும் தைத்த வயிறு. முதல் ஆள் கத்தியை எடுக்கவே ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டார். மறுபடி. மறுபடி. சாயங்காலம் ஆறு மணிக்குப் பாய் முழுக்கச் சிவந்த தண்ணீர், பஞ்சு, நூல். கடைசியாகச் செய்த பெண் டாக்டர் நான்கு நிமிடம் ஐம்பது விநாடியில் துணிக் குழந்தையை எடுத்து நிமிர்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. யாரும் கைதட்டவில்லை, அடுத்த ஆள் பாயில் வந்து மண்டிபோட்டார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இரவு பதினொன்றரை. அக்கா பாயைக் கழுவி மொட்டைமாடியில் காயப்போட்டிருக்கிறார். சற்று முன் அம்பாசமுத்திரத்து நைட் டியூட்டி நர்ஸிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

"மேடம், பஜார்ல காய்கறி நிறுக்கிற தராசு ஒண்ணு வாங்கி லேபர் வார்டுல வச்சிட்டேன். காய்ஞ்ச பேட் இருபத்தஞ்சு கிராம் இருக்கு. ஆஸ்பத்திரித் துணி ஒண்ணு முந்நூத்திப் பத்து. ரெண்டையும் செவுத்துல எழுதி ஒட்டிட்டேன். அதைக் கழிச்சுக்கிடணும்லா?"

"ஆமா சிஸ்டர், கழிச்சுக்கணும்" என்று பதில் அனுப்பினேன்.